லண்டனில் எழுபதுகளின் டர்ன்டேபிள் வாங்குவது எப்படி? புதிதாக இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு

இசைத்தட்டு கையில் இருக்கிறது, போட்டுக் கேட்கப் பிளேயர் இல்லை. லண்டனில் பல தமிழ் வீடுகளில் நிலைமை இதுதான். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த எல்பிக்கள், சந்தையில் ஆசைப்பட்டு வாங்கியவை, உறவினர் வீடு காலி செய்தபோது கிடைத்தவை என்று ஒரு பெட்டி நிறைய இருக்கும். கடைக்குப் போனால் சூட்கேஸ் மாதிரி மடிக்கும் புது பிளேயர் ஒன்றைக் காட்டுவார்கள். அது முள்ளைக் கனமாக அழுத்தி ஓட்டும் வகை. நல்ல தட்டுகளை அதில் போடாதீர்கள்.

ஏறக்குறைய அதே பணத்துக்கு, 1970-களில் செய்த முழு அளவு டர்ன்டேபிள் ஒன்று பிரிட்டனில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. கனமான பிளாட்டர் (இசைத்தட்டை வைக்கும் சுழல் வட்டு), ஒழுங்கான கை (முள்ளைத் தாங்கித் தட்டின்மேல் நகரும் தண்டு), மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்திய சின்னக் கட்டை), பழுது பார்க்கக்கூடிய மோட்டார் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் வாங்கும் வழியில் பள்ளங்கள் நிறைய. நான் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். விலைகள் எல்லாம் சுமாரானவை. பொருளின் நிலையைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

1. முதலில் மொத்தச் செலவை எழுதுங்கள்

விளம்பரத்தில் 80 பவுண்டு என்று போட்டிருந்தால், வீட்டில் பாட்டு கேட்கும் நேரத்தில் அது 200 பவுண்டு ஆகியிருக்கும். எப்படி என்று பாருங்கள்.

பெல்ட்டில் ஓடும் வகை என்றால், பிளாட்டரைச் சுழற்றும் பழைய ரப்பர் பெல்ட்டை மாற்றியே ஆகவேண்டும்: 10 முதல் 15 பவுண்டு. கூடவே வரும் முள் தேய்ந்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் "அதிகம் ஓட்டவில்லை" என்று சத்தியம் செய்தாலும் சரி, அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று அவருக்கே தெரியாது. புதிய கார்ட்ரிட்ஜுக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். தொடங்குபவர்களுக்கு ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ போதும், 50 பவுண்டு அளவில் கிடைக்கும். ஆர்டோஃபான் 2எம் ரெட் அதைவிடக் கூடுதல் விலை.

அப்புறம் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பாருங்கள். 'ஃபோனோ' என்று எழுதிய இணைப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஃபோனோ பிரீஆம்ப் என்ற சின்னப் பெட்டி வேண்டும்: 30 முதல் 100 பவுண்டு. கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு, தட்டு வெட்டும்போதே கீழ் ஸ்வரங்களைக் குறைத்து மேல் ஸ்வரங்களைத் தூக்கிப் பதிவு செய்திருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன் செய்வதும் இந்தப் பெட்டியின் வேலைதான். இது இல்லாமல் சாதாரண ஆக்ஸ் துளையில் செருகினால் எங்கோ தூரத்தில் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் கேட்கும். பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

முள் தட்டை அழுத்தும் எடையைப் பார்க்கும் டிஜிட்டல் தராசு 10 பவுண்டு. அக்காலத்து ஐரோப்பிய மாடல்கள் பலவற்றில் வட்டமான ஐந்து ஊசி டின் (DIN) பிளக் இருக்கும். அதற்கு அடாப்டர் ஒரு 5 பவுண்டு. இவற்றை எல்லாம் கூட்டி, கையில் உள்ள பணத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்துக்குப் பிளேயர் தேடுங்கள்.

2. உங்கள் தட்டுகளுக்கு ஏற்ற மாடல்

பெட்டியைத் திறந்து தட்டுகளைப் பாருங்கள். எல்பி, 45 சுழற்சி ஈபி மட்டும்தான் என்றால் எந்த வகையும் சரி. 78 சுழற்சி அரக்குத் தட்டுகள் இருந்தால் தேர்வு சுருங்கிவிடும். எழுபதுகளின் பெல்ட் மாடல்கள் பெரும்பாலும் 33, 45 இரண்டு வேகம்தான் தரும்.

முதல் பிளேயருக்கு என் பரிந்துரை பயனீர் பிஎல்-12டி. அந்தக் காலத்தில் பிரிட்டனில் அள்ளிக்கொண்டு விற்ற மாடல் என்பதால் இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. பெல்ட்டில் ஓடும், தானியங்கி வேலைகள் எதுவும் இல்லை, கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு. ஹெட்ஷெல்லை, அதாவது கையின் முனையில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பாகத்தை, கழற்றி மாட்டலாம் என்பது புதியவர்களுக்குப் பெரிய வசதி. கார்ட்ரிட்ஜை மேசையில் வைத்து நிதானமாகப் பொருத்திக்கொள்ளலாம். 60 முதல் 120 பவுண்டுக்குள் பார்க்கலாம்.

இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் தோரன்ஸ் டிடி 160. இதில் பிளாட்டரும் கையும் சேர்ந்து ஸ்பிரிங்குகளில் மிதக்கும். தரையின் சின்னச் சின்ன அதிர்வு முள்ளுக்குப் போகாது. ஒலி அருமையாக இருக்கும், ஆனால் ஸ்பிரிங்குகளைச் சமப்படுத்தப் பொறுமை வேண்டும். பழைய மரத்தளம் உள்ள லண்டன் மாடி வீடுகளில், நடந்தாலே ஆடும் தரைமேல் வைத்தால் முள் குதிக்கும். சுவரில் அலமாரி அடித்து அதில் வைக்க முடியுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

78 தட்டு வைத்திருப்பவர்கள் கோல்ட்ரிங்-லென்கோ ஜிஎல்75 தேடலாம். இதில் பெல்ட் கிடையாது. ரப்பர் சக்கரம் ஒன்று மோட்டாரின் கூம்புத் தண்டின்மேல் உருண்டு பிளாட்டரைச் சுழற்றும். சக்கரத்தை நகர்த்தினால் வேகம் படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும். எல்லா 78 தட்டும் சரியாக 78-இல் பதிவானவை அல்ல, அதனால் பாடகரின் சுருதி சரியாக வரும்வரை நகர்த்திக்கொள்ள முடிவது பெரிய வரம். கேரார்ட் 401-இலும் 78 உண்டு, ஆனால் அதன் விலை தொடங்குபவர்களுக்கானது அல்ல. 78-க்கு வேறு முள் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எல்பி முள்ளின் நுனி 78-இன் அகலமான பள்ளத்துக்குள் அடியில் போய் உரசும், இரைச்சல்தான் மிஞ்சும். மேலே சொன்ன விஎம்95 வரிசையில் 78-க்கான முள் தனியாகக் கிடைக்கிறது.

மோட்டாரே பிளாட்டரை நேரடியாகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் வகையில் டெக்னிக்ஸ்தான் பெரிய பெயர். 1979-இல் வந்த எஸ்எல்-1200 எம்கே2 இன்றைக்கும் இரும்பு மாதிரி உழைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அதைவிட எளிய டெக்னிக்ஸ் மாடல்கள் குறைந்த விலையில் நல்ல பொருட்கள்.

முதல் தடவை தவிர்க்கவேண்டியவை இரண்டு. ஒன்று, பேங் அண்ட் ஓலுஃப்சனின் பியோகிராம் 4000 வரிசை. பார்க்க அப்படி ஒரு அழகு. ஆனால் அந்த நிறுவனத்தின் தனி வகை கார்ட்ரிட்ஜ் மட்டுமே அதில் பொருந்தும், உள்ளே எலக்ட்ரானிக்ஸும் சிக்கலானது. இரண்டு, தட்டுகளை அடுக்கி ஒவ்வொன்றாகப் போடும் ஆட்டோசேஞ்சர்கள். உள்ளே உள்ள கிரீஸ் ஐம்பது ஆண்டுகளில் பசையாக இறுகியிருக்கும். முழுதும் பிரித்துக் கழுவத் தெரிந்தவர்களுக்குத்தான் அவை.

3. எங்கே தேடுவது

சாரிட்டி கடைகள், ஞாயிறு கார் பூட் சந்தைகள், ஈபே, கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், பழுது பார்த்து விற்கும் சின்னக் கடைகள். கார் பூட் சந்தைகள் பெரும்பாலும் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை நடக்கும். விடியற்காலையில் போனால்தான் நல்ல பொருள் கண்ணில் படும். ஆனால் அங்கே மின்சாரம் இருக்காது, ஓட்டிப் பார்க்க முடியாது. அதற்கேற்பத்தான் விலை பேசவேண்டும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: சர்வீஸ் செய்து விற்கும் கடை, அல்லது வீட்டுக்கு வரச் சொல்லி ஓட்டிக் காட்டும் தனிநபர். கடையில் 60, 70 பவுண்டு கூடுதலாகத் தெரியும். பெல்ட், எண்ணெய், புது முள் எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தால் அது கூடுதலே இல்லை. எதையெதை மாற்றினார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'சர்வீஸ்டு' என்ற ஒற்றைச் சொல்லைத் துணியால் துடைத்து வைத்த பொருளுக்கும் போட்டுவிடுகிறார்கள்.

4. கிளம்பும் முன் கேட்கவேண்டியவை

பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். 220 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த பொருட்களும் சந்தையில் உலவுகின்றன. அங்கே 120, 100 வோல்ட். "டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும்" என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. எழுபதுகளின் பெல்ட் மாடல்களில் பலவற்றின் மோட்டார், மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றித்தான் சுழலும். 60 ஹெர்ட்ஸுக்கான கப்பியுடன் (மோட்டார் தண்டில் பெல்ட்டை இழுக்கும் சின்னச் சக்கரம்) இங்கே ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். 33 சுழலவேண்டிய தட்டு 28-க்கும் கீழே சுழன்று, பெண் குரல் ஆண் குரலாகிவிடும். கப்பியை மாற்றினால் சரியாகும், ஆனால் உங்கள் மாடலுக்கான கப்பி எளிதில் அகப்படாது.

அடுத்து, கவுன்டர்வெயிட் இருக்கிறதா என்று கேளுங்கள். கையின் பின்முனையில் திருகி நிற்கும் அந்த உருளைதான். ஒவ்வொரு கைக்கும் அதற்கென்றே செய்த எடை அது. வீடு மாற்றும்போது கழற்றித் தனியாக வைத்து அத்தோடு தொலைந்துபோவது இதுதான் அதிகம். அது இல்லாத பிளேயரை வாங்காதீர்கள். ஹெட்ஷெல், பிளாட்டர்மேல் போடும் ரப்பர் விரிப்பு, கண்ணாடி போன்ற மூடி, கீல் ஆகியவையும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மூடியில் கீறல் பரவாயில்லை, பாலிஷ் போட்டால் போகும். கீல் உடைந்திருந்தால்தான் தொல்லை.

மூன்றாவது, ஓடும் வீடியோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். 'அன்டெஸ்டட்' (சோதிக்காதது) என்று போட்டிருந்தால் ஓட்டிப் பார்த்து ஓடாத பொருள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்பேர்ஸ் ஆர் ரிப்பேர்' (பாகங்களுக்கோ பழுதுபார்க்கவோ மட்டும்) என்று போட்டவர் குறைந்தபட்சம் உண்மையைச் சொல்கிறார்.

நேரில் பார்ப்பதற்கு முன் முன்பணம் கேட்டால் கொடுக்கவே கூடாது. "நிறையப் பேர் கேட்கிறார்கள், 20 பவுண்டு போட்டால் உங்களுக்கு வைத்திருக்கிறேன்" என்பது பழைய தந்திரம்.

5. நேரில் பார்க்கும்போது

நன்றாகத் தெரிந்த தட்டு ஒன்று, டார்ச், சின்னப் பூதக்கண்ணாடி, பஞ்சுக் குச்சி, துண்டுக் காகிதம், செல்லோ டேப் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அரை மணி நேரமாவது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மின்சாரம் தரும் முன் பிளக்கைப் பாருங்கள். ஊசிகளின் அடிப்பாகத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் உறை இல்லாத பிளக் பழையது. வீட்டுக்கு வந்ததும் 3 ஆம்ப் ஃபியூஸ் உள்ள புதிய பிளக் மாற்றவேண்டும். வயர் விறைத்து வெடித்திருந்தால் அதைச் செருகவே விடாதீர்கள்.

பிளாட்டரைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மேலும் கீழும் ஆடாமல் போகவேண்டும். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். அரைக்கும் சத்தம் வந்தால் தாங்கி (பேரிங்) தேய்ந்துவிட்டது. பெல்ட் மாடலில் வெளிப் பிளாட்டரைத் தூக்கிப் பெல்ட்டையும் பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த பெல்ட் சில சமயம் உருகித் தார்போல ஒட்டியிருக்கும். விரலில் பட்டால் சோப்புக்குக்கூடப் போகாது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் முழுதும் வந்துவிடும். விலை பேச நல்ல காரணம், வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை.

இப்போது கை. பழுதிலேயே மோசமானது கையில் வரும் பழுதுதான், அதனால் இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டை விடுவித்து, ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் மிக மென்மையாகப் பிடித்து, முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் தள்ளிப் பாருங்கள். கை மொத்தமாக அசையவேண்டும். அடியில் எங்கோ 'டிக்' என்று தளர்ந்த உணர்வு விரலுக்குத் தெரிந்தால் தாங்கி தளர்ந்திருக்கிறது. பிறகு கவுன்டர்வெயிட்டைத் திருகி, கை கீழேயும் சாயாமல் மேலேயும் எழாமல் காற்றில் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஆன்டி-ஸ்கேட்டிங் (கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கட்டும். லேசாக ஊதினால் கை தயங்காமல் நகரவேண்டும். ஓர் இடத்தில் தடுக்கி நின்றால், அதே இடத்தில்தான் உங்கள் பாட்டும் நிற்கும்.

லென்கோ ஜிஎல்75-இல் மட்டும் கை ஆடினால் உடனே திரும்பி வராதீர்கள். கையைத் தாங்கும் இரண்டு சின்ன ரப்பர்க் கட்டைகள் காலப்போக்கில் பொடிந்துபோவது அந்த மாடலின் பிறவிக் குணம். புதியவை மலிவாகக் கிடைக்கின்றன.

அப்புறம் மின்சாரம் கொடுங்கள். பிளாட்டரின் விளிம்பில் துண்டுக் காகிதத்தை ஒட்டி, ஒரு குறியை நேராக வைத்துக்கொண்டு, 33-இல் ஓடவிட்டு எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வரவேண்டும். 99, 101 என்றால் பெல்ட்டில் தீரும். 83 அளவில் வந்தால் அது 60 ஹெர்ட்ஸ் கப்பி. டைரக்ட் டிரைவ் என்றால் வேகம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வேகத்தைத் திருத்தும் திருகிகளில் அழுக்கேறுவதால் வருவது, சுத்தம் செய்தால் போகும். ஆனால் அந்தக் காலத்து ஐசி (மின்னணுச் சில்லு) போயிருந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம், அதனால் புதியவர்கள் அந்தப் பந்தயத்தில் இறங்கவேண்டாம்.

தட்டைப் போட்டு இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் ஊமையாக இருந்தால், ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பின்னால் உள்ள நான்கு சின்ன ஊசிகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பாதிக்குமேல் இதிலேயே சரியாகிவிடும். 'ஊம்' என்ற இரைச்சல் இருந்தால், மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிஃபயரின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, கையைத் தூக்கி இறக்கும் நெம்புகோல். கை மெதுவாக இறங்கவேண்டும். தடாலென்று விழுந்தால் உள்ளே உள்ள சிலிக்கான் திரவம் வற்றிவிட்டது. சரிசெய்யலாம், ஆனால் அதுவரை முள்ளைக் கையால்தான் இறக்கவேண்டும்.

6. ரசீதும் உங்கள் உரிமையும்

கடையில் வாங்கினால் மாடல் பெயர், வரிசை எண், தேதி, விலை, செய்த சர்வீஸ் ஆகியவை எழுதிய ரசீது கட்டாயம் வாங்குங்கள். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருளில் கோளாறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும், வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கோளாறு என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். கடைக்காரரிடம் இணையம் வழியாக வாங்கினால் பெரும்பாலும் பொருள் வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். விலை 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கடை கைவிட்டாலும் கார்டு நிறுவனத்திடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நடுவில் வேறொரு பணச் சேவை நுழைந்தால் அந்தப் பிடி நழுவக்கூடும்.

தனிநபரிடம் வாங்கும்போது இதெல்லாம் இல்லை. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இருக்கவேண்டும் என்பது மட்டுமே உங்கள் பிடி. அதனால் விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்றதும் அந்தப் பக்கம் மறைந்துவிடும்.

நேர விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்த 30 நாள், பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். பெல்ட்டும் கார்ட்ரிட்ஜும் வரட்டும் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தால் காலம் போய்விடும். மாடல் முடிவானதுமே அவற்றை ஆர்டர் செய்துவிடுங்கள், பிளேயர் வரும் வாரத்திலேயே பொருத்தி ஓட்டிப் பார்க்கலாம்.

7. வீட்டுக்குக் கொண்டுவருவது

நல்ல டர்ன்டேபிள்கள் அதிகம் சாவது பயணத்தில்தான். முடிந்தவரை நேரில் போய் எடுத்து வாருங்கள். எனக்குப் பார்சலில் வந்த ஒன்றில் பிளாட்டர் மேலேயே இருந்தது. வழி நெடுக அது குதித்துக் குதித்து, மூடியை உள்ளிருந்தே உடைத்து, முள்ளை மடக்கி, நடுத்தண்டையும் வளைத்துவிட்டிருந்தது. விற்பவர் வெளியே சுற்றிய குமிழ்த்தாளுக்குக் குறைவே இல்லை. உள்ளே எதையும் கழற்றவில்லை என்பதுதான் விஷயம்.

கழற்றும் வரிசை இது. முதலில் முள்ளுக்குப் பாதுகாப்பு மூடி போடுங்கள். ஹெட்ஷெல்லைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். கவுன்டர்வெயிட்டைத் திருகி எடுங்கள். கையை அது ஓய்வில் நிற்கும் கொக்கியில் வைத்து மென்மையான நூலாலோ காகிதம் சுற்றிய கம்பியாலோ கட்டுங்கள். டேப் ஒட்டாதீர்கள், பெயின்ட் உரிந்து வரும். ரப்பர் விரிப்பை எடுத்து, பிளாட்டரைத் தூக்குங்கள். டிடி 160-இன் பிளாட்டர் மூன்று கிலோவுக்கு மேல், ஜிஎல்75-இன் பிளாட்டர் நான்கு கிலோ. அது தனிப் பொட்டலமாக, பெட்டியின் அடியில் போகவேண்டும். எஸ்எல்-1200 எம்கே2-இல் பிளாட்டரின் அடியில் மோட்டாரின் காந்தம் இருக்கிறது. இரண்டு துளைகளில் விரல் விட்டு நேராகத் தூக்கி, உடனே சுத்தமான துணியில் சுற்றுங்கள். இரும்புத் தூசி ஒட்டினால் லேசில் போகாது. ஸ்பிரிங்கில் மிதக்கும் மாடல்களில் மிதக்கும் உள்சட்டத்துக்கு அடியில் நுரைத் துண்டு செருகி அசையாமல் பிடிக்கவேண்டும். மூடியைக் கீலிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள்.

அஞ்சலில்தான் வரும் என்றால் இந்த வரிசையை விற்பவருக்கு அப்படியே எழுதி அனுப்புங்கள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவில் இரண்டு அங்குலம் நுரை. இதற்காக 10 பவுண்டு கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கூரியர் காப்பீடு எடுத்தாலும், பொட்டலம் சரியில்லை என்று சொல்லி இழப்பீட்டை மறுத்துவிட முடியும். பெட்டியைத் திறக்கும்போது அறுப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள்.

8. பொருத்தி ஓட்டுவது

மட்டக்கோல் வைத்துச் சமமாக நிறுத்துங்கள். நடுத்தண்டைத் துடைத்து, தாங்கிக்குள் மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டொரு சொட்டு விடுங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், சமையல் எண்ணெய் கூடவே கூடாது. பெல்ட்டைத் தொடும் முன் கை கழுவுங்கள்.

கார்ட்ரிட்ஜைச் சரியான கோணத்தில் வைக்க, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அளவுத்தாளை அச்செடுக்கலாம். அச்செடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிரின்டர் தாளுக்கேற்பச் சுருக்கியிருந்தால் அந்தத் தாளால் பயனில்லை. கையை மிதக்கவைத்து, கவுன்டர்வெயிட்டின் எண் வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு எடை ஏற்றுங்கள். விஎம்95இ-க்கு 2 கிராம், 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். தராசில் ஒருமுறை சரிபாருங்கள், பழைய ஸ்பிரிங்குகளும் எண்களும் பொய் சொல்லும். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு: முள் பள்ளத்தில் நிற்காமல் குதித்துச் சுவரைச் சிதைக்கும். ஆன்டி-ஸ்கேட்டிங்கை அதே எண்ணுக்கு வையுங்கள்.

முள் மாற்றும் காலம்: வட்ட நுனிக்கு 500 மணி நேரம், நீள்வட்ட நுனிக்கு 300 மணி நேரம் என்று ஆடியோ-டெக்னிகா சொல்கிறது. விஎம்95இ நீள்வட்ட வகை. ஒரு பக்கம் இருபது நிமிடம் என்றால் 900 பக்கங்கள். வாங்கிய தேதியை மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

ஓடாத நேரத்தில் மெயின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். இந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் ஸ்விட்ச் அருகே இரைச்சல் தடுக்கும் கபாசிட்டர் ஒன்று இருக்கும். உறை வெடித்து ஈரம் ஏறி, ஒருநாள் திடீரென்று புகைவிடும். பாகம் சில பவுண்டுதான். மெயின் மின்சாரம் தொடும் வேலை என்பதால் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள், வாங்கிய உடனே மாற்றிவிடுவது உத்தமம்.

9. ஊருக்கு எடுத்துப்போக நினைத்தால்

பிரிட்டனில் வாங்கியதில் ஒரு நன்மை: இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் பொருந்தாவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். டொரன்டோ உறவினருக்கு வாங்காதீர்கள், அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

இந்தியாவுக்குக் கூரியரில் அனுப்பாதீர்கள். பயன்படுத்திய பொருட்களின் இறக்குமதி அங்கே கட்டுப்பாட்டில் உள்ளது, மூலதனப் பொருள் (தொழிலுக்கான இயந்திரம் போன்றவை) அல்லாத பழைய பொருளுக்கு உரிமம் கேட்பார்கள். சுங்கத்தில் மாட்டினால் வாங்கிய விலையைவிடச் செலவும் அலைச்சலும் அதிகம். கூடவே எடுத்துப்போவதுதான் வழி. உடலையும் பிளாட்டரையும் தனித்தனியாகச் சுற்றிச் சூட்கேஸில் வைத்து, 23 கிலோ வரம்பில் வருகிறதா என்று வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். எம்கே2 மட்டுமே 11 கிலோ. கார்ட்ரிட்ஜும் ஹெட்ஷெல்லும் கைப்பையில் போகட்டும். ரசீதின் அசலைக் கையில் வைத்துக்கொண்டு, பயணிகளுக்கான வரிவிலக்கு வரம்பை இந்திய சுங்கத் துறையின் தளத்தில் கிளம்பும் வாரம் பார்த்துவிடுங்கள். ரசீது இல்லாவிட்டால் மதிப்பை அதிகாரியே தீர்மானிப்பார், எழுபதுகளின் பொருள் என்றாலும் பளபளப்பாக இருந்தால் புதிது என்றே தோன்றும்.